பட்டாளத்துத் தாத்தாவின் பேர்

(மாவட்டக் காரியாலயத்தில் நடைபெற்ற தொழிற்சங்கக் கல்வி வகுப்பில், வரலாற்றுத் தேடல் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



போன வகுப்பில் சேமலாப நிதிப் படிவம் நிரப்புவது பற்றிப் பேசினோம். இன்றைக்கு, யுத்தத்துக்குப் போன சாதாரண சிப்பாய்களைச் சுவடிக்கூடங்களில் தேடுவது பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்தவுடன், "சங்கத்துக்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று வாசலில் நின்ற சிலர் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். பேச்சு முடிவதற்குள் பதில் உங்களுக்கே தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறோம். இந்த நாட்டில் நாம் கண்ட யுத்தத்தைப் பற்றியல்ல நாங்கள் பேசுவது. 1914இல் தொடங்கி 1918இல் முடிந்த முதலாம் உலக யுத்தத்தைப் பற்றி.

எங்கள் தேடல் ஒரு வட்டத் தகட்டில் ஆரம்பித்தது. சென்ற வருடம் ஒரு தோட்டத்தில் லயக் காம்பிராவுக்குக் கூரைத் தகரம் மாற்றினார்கள். சாமான்களை வெளியே எடுத்து வைத்தபோது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தாயார், சாமித் தட்டிலிருந்து சிவப்புத் துணியில் முடிந்த ஒன்றைக் கொண்டுவந்து தலைவரிடம் காட்டினார். உள்ளங்கையில் பாதியை மறைக்கும் அளவு. ஒரு பக்கம் ஒரு வெள்ளைக்கார ராசாவின் தலை. மறுபக்கம் குதிரை மேல் ஓர் ஆள். அந்தக் குடும்பத்துக்கு அவர் மதுரைவீரன். வருடா வருடம் சரஸ்வதி பூசைக்குப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பொட்டு வைத்துக் கும்பிட்டு வந்திருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்தவர் "பட்டாளத்துத் தாத்தா" என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். தாயாருடைய அப்பாவின் அப்பா அவர். "பசராவுக்குப் போனவரு. அங்க ஈச்சம்பழம் மூட்டை மூட்டையா கெடக்குமாம், குடிக்கத்தான் நல்ல தண்ணி கெடையாதாம்" என்றார் தாயார். பசரா என்று அவர் சொன்னது இன்றைய ஈராக்கில் இருக்கும் பஸ்ரா.

1974 பஞ்சத்தில் தாயாரின் அப்பா இதை டவுனுக்குக் கொண்டுபோய் அடகு வைக்கப் பார்த்தாராம். கடைக்காரர் உரசிப் பார்த்துவிட்டு, வெள்ளி இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வெள்ளியாக இருந்திருந்தால் ஒரு கொத்து அரிசிக்கு அன்றைக்கே போயிருக்கும்.

அது ஏன் வெள்ளியில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அது பிரித்தானிய யுத்தப் பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், மறுபக்கம் குதிரைவீரன், 1914, 1918 என்று வருடங்கள். துப்பாக்கி தூக்கிய சிப்பாய்க்கு அதை வெள்ளியில் வார்த்துக் கொடுத்தார்கள். சீனா, மால்டா, இந்தியா ஆகிய இடங்களிலிருந்து மூட்டை தூக்கவும் ரோடு போடவும் கப்பல் இறக்கவும் கொண்டுபோன தொழிலாளர் படைகளுக்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெள்ளிப் பதக்கம் 60 இலட்சத்துக்கும் மேல். வெண்கலப் பதக்கம் சுமார் 1 இலட்சத்து 10 ஆயிரம். ஒரே யுத்தம், ஒரே ராசா, ஒரே குதிரை. உலோகம் மட்டும் ஆளுக்குத் தக்கபடி.

இந்தப் பதக்கத்தின் விளிம்பில் அதை வாங்கியவரின் இலக்கம், தரம், பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைப் பொறித்திருப்பார்கள். எங்கள் குழுவிலிருக்கும் ஆசிரியர் கைத்தொலைபேசியில் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தார். இலக்கம் தெரிந்தது. அடுத்து 'கூலி' என்று ஆங்கில எழுத்தில். கடைசியில் 'சப்ளை அண்ட் டிரான்ஸ்போர்ட் கோர்' என்பதன் சுருக்கம். படைக்குச் சாப்பாடும் தீவனமும் சாமானும் கொண்டுபோய்ச் சேர்த்த பிரிவு அது. நடுவில் இருக்கவேண்டிய பெயரில் முதல் இரண்டு எழுத்து 'மு' என்று படிக்கலாம். மிச்சம் தேய்ந்துவிட்டது. நூறு வருடப் புளியும் சாம்பலும் அந்தப் பெயரைத் தின்றுவிட்டன.

தோழர்களே, தோட்டத்தில் நாம் 'பேர்' என்ற சொல்லை எப்படிப் பாவிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். "இன்னிக்குப் பேர் விழுந்துச்சா?", "றாத்தல் கொறஞ்சதால அரைப் பேர்தான் போட்டாங்க." நமக்குப் பேர் என்றால் அன்றைய சம்பளம். செக்ரோலில் கோடு விழாவிட்டால் அந்த நாளில் நாம் வேலை செய்யவே இல்லை என்றாகிவிடும். பட்டாளமும் அப்படித்தான் நடந்திருக்கிறது என்பது தேடத் தேட எங்களுக்குப் புரிந்தது.

முதலில் பிரித்தானியச் சிப்பாய்களின் கதை. அவர்களும் பெரும்பாலும் தொழிலாளிகள்தான். சுரங்கத்திலும் நூலாலையிலும் வயலிலும் வேலை செய்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு இருந்தது. உயரம், மார்பளவு, செய்த தொழில், உடம்பில் தழும்பு எங்கே இருக்கிறது, நெருங்கிய உறவினர் யார், எந்த நாள் தாமதமாக வந்தான், அதற்கு எத்தனை நாள் சம்பளம் வெட்டினார்கள், எங்கே குண்டு பட்டது. சில கோப்புகளில் மனைவி எழுதிய கடிதமும் இருக்கிறது, படிப்பணம் வரவில்லை, பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று. 1940 செப்டெம்பரில் ஜேர்மன் விமானங்கள் இலண்டனில் குண்டு போட்டபோது, இவை வைத்திருந்த கட்டடம் தீப்பிடித்தது. கோப்புகளில் ஏறத்தாழ 60 வீதம் எரிந்து போனது. மிஞ்சியவை விளிம்பு கருகி, தீயணைத்த தண்ணீரில் ஊறியவை. 'எரிந்த பத்திரங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர். இலண்டனுக்குப் பக்கத்தில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. தப்பித்த இன்னொரு தொகுதி உண்டு. காயம், நோய் காரணமாக ஓய்வூதியம் கேட்டவர்களின் கோப்புகள். ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டவனின் கதை இன்றும் இருக்கிறது. கேட்காமல் வீட்டுக்குப் போனவனின் கதை தீயோடு போய்விட்டது. மனு எழுத வரும் தோழர்களிடம் இதை நாங்கள் இப்போதெல்லாம் அடிக்கடி சொல்கிறோம்.

தனி ஆள் கோப்பு இல்லாவிட்டால் அடுத்த வழி படையணியின் யுத்த நாட்குறிப்பு. ஒவ்வொரு படையணியும் தினமும் எழுத வேண்டிய கட்டாயக் குறிப்பு அது. மழை பெய்ததா, எத்தனை மைல் நடந்தார்கள், யார் செத்தார்கள் என்று இருக்கும். வாசிக்க ஆசையாகத்தான் உட்கார்ந்தோம். அதிகாரி இறந்தால் அவருடைய பெயர் இருக்கும். சாதாரண சிப்பாய் இறந்தால் 'ஏனைய தரத்தினர்' என்பதன் சுருக்கமாக இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும், அவ்வளவுதான். இது வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் பொதுவான விதி. நிறத்துக்கு முன்னால் தரம் வந்து நிற்கிறது என்பதை அங்கே பார்த்தோம்.

இந்தியாவிலிருந்து போனவர்களின் நிலை இதைவிட மோசம். 1919 கடைசி வரைக்கும் சுமார் 14 இலட்சம் பேரைச் சேர்த்தார்கள். அதில் 5 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஆயுதமில்லாத தொழிலாளர்கள். கோவேறு கழுதை ஓட்டியவர்கள், சமையல்காரர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், துப்புரவு செய்தவர்கள், காயப்பட்டவர்களை டோலியில் தூக்கியவர்கள். 'பின்தொடர்வோர்' என்பது படைக் கணக்கில் அவர்களுக்கிருந்த பெயர். அவர்கள் முன்னால் போய் ரோடு வெட்டாவிட்டால் எந்தப் படையும் நகர்ந்திருக்காது. பிரித்தானியச் சிப்பாய்க்கு இருந்தது போல ஆளுக்கொரு கோப்பு இவர்களுக்கு இலண்டனில் கிடையாது. பிரித்தானிய நூலகத்திலுள்ள இந்தியா ஒபிஸ் ஆவணங்களில் பதக்கப் பட்டியல்கள் இருக்கின்றன. ஆனால் பட்டியலில் தேடப் பெயர் வேண்டும். எங்களிடம் இருந்தது ஓர் இலக்கமும் 'மு'வும். முத்துவா, முனியாண்டியா, முருகனா, முனுசாமியா? முழுப்பெயர் என்ன என்று கேட்டோம். "தாத்தா பேரை எங்கப்பா சொல்ல மாட்டாரு, மரியாத இல்லன்னு" என்றார் தாயார்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். வேடிக்கை என்று சொல்வது சரியா தெரியவில்லை. தாத்தா அங்கேயே செத்திருந்தால் அவரைத் தேடுவது சுலபமாக இருந்திருக்கும். யுத்தத்தில் இறந்தவர்களின் விபரங்களை 1917இல் உருவான பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு வைத்திருக்கிறது. இணையத்தில் காசு கொடுக்காமல் யாரும் பார்க்கலாம். தாத்தா பிழைத்து வந்தார். மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்தார், கல்யாணம் கட்டினார், மட்டத்துவெட்டில் பேர் எடுத்தார் என்று குடும்பம் சொல்கிறது. பிழைத்து வந்தவனைத் தேடும் வழி எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இறந்தவர்கள் எல்லோருக்காவது பெயர் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. பஸ்ராவில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1914 முதல் 1921 வரை அந்தப் பகுதியில் இறந்து, புதைத்த இடம் தெரியாத 40,500 பேருக்கும் அதிகமானோருக்காகக் கட்டியது. பெரும்பான்மையோர் இந்தியர்கள். சுவரில் பிரித்தானியச் சிப்பாயின் பெயர் இருக்கிறது, இந்திய அதிகாரியின் பெயரும் இருக்கிறது. அதற்குக் கீழே, இந்தப் படையணியில் மேலும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள் என்று ஓர் எண். அதே ஆணைக்குழு பிரான்சில் நெவ் ஷபெல் என்ற ஊரில் 1927இல் திறந்த நினைவுச்சின்னத்தில் 4,700க்கும் அதிகமான இந்தியச் சிப்பாய்களின், தொழிலாளர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆக, பெயர் தெரியவில்லை, அல்லது வெட்ட முடியாது என்பதல்ல பிரச்சினை. ஐரோப்பாவில் நாலு பேர் வந்து பார்ப்பார்கள், பஸ்ராவில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பு என்றே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

நாங்கள் சொல்வது மிகை என்று நினைக்காதீர்கள். 2021 ஏப்ரலில் அந்த ஆணைக்குழுவே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. ஆபிரிக்கா, ஆசியாவைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை, இன்னும் குறைந்தது 1 இலட்சத்து 16 ஆயிரம் பேர், ஒருவேளை மூன்றரை இலட்சம் பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். பஸ்ராவில் எண்ணாக மட்டும் இருந்தவர்களின் பெயர்களை இப்போது அவர்களுடைய இணையத்தளத்தில் பார்க்கலாம்.

தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றிலும் அந்தக் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. இந்த ஊரிலிருந்து பெரும் யுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று இரண்டு எண்கள். பெயர் கிடையாது. எழுதியது துரைத்தனம், எண்ணிக்கை போதும் என்று விட்டுவிட்டது.

இனி, திருநெல்வேலிச் சீமை வம்சாவளியினர் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டிய ஒரு விடயம். பாளையங்கோட்டை பெயரில் ஒரு படையணி இருந்தது. 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை. 1914 நவம்பரில் கிழக்கு ஆபிரிக்காவில், அன்று ஜேர்மனியர் கையிலிருந்த டாங்கா என்ற துறைமுகத்தைப் பிடிக்க அனுப்பிய படைகளில் அதுவும் ஒன்று. அந்தச் சண்டையில் பிரித்தானியப் பக்கம் படுதோல்வி. பாளையங்கோட்டைக்காரர்கள் பயந்து ஓடிவிட்டார்கள் என்று அதிகாரிகள் எழுதினார்கள். யுத்தம் முடிந்த சில வருடங்களில் அந்தப் படையணியையே கலைத்துவிட்டார்கள். இன்று வரைக்கும் பல புத்தகங்களில் அந்தப் பழிதான் இருக்கிறது.

தோட்டத்து நிர்வாகம் ஒரு தொழிலாளிக்குக் குற்றப்பத்திரிகை கொடுத்தால் நாம் என்ன செய்வோம்? அதில் எழுதியிருப்பதை மட்டும் வாசித்துவிட்டுப் போகமாட்டோம். அன்றைக்கு என்ன வேலை, யார் அனுப்பினது, கொழுந்து நிறுக்கும் தராசு சரியாக இருந்ததா என்று கேட்போம். டாங்காவையும் அப்படிக் கேட்டுப் பார்த்தோம். விடை எதிரிப் பக்கத்துக் காகிதத்தில் இல்லை, அதே பிரித்தானியப் பதிவுகளில்தான் இருக்கிறது. அந்தப் படைகள் வாரக்கணக்காகக் கப்பலில் நெருக்கியடித்துக் கிடந்தன. சொந்தச் சாப்பாடு இல்லை, கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி. சண்டைக்கு முன் மொம்பாசாவில் இறக்கிக் கொஞ்சம் இளைப்பாற விடலாம் என்று யோசனை சொன்னபோது, படைத்தலைவர் ஜெனரல் எயிட்கன் வேண்டாம் என்றார். தாக்குதலுக்கு முன்னமே, நாங்கள் வந்திருக்கிறோம் என்று ஜேர்மனியருக்கு அறிவித்து அவர்களுக்கு அவகாசமும் கொடுத்தார்கள். பிறகு சதுப்பு நிலத்தில் இறக்கி, நிலம் தெரியாத புதருக்குள் அனுப்பினார்கள். எதிரே இருந்தவர் லெட்டோ-போர்பெக், அந்த யுத்தம் முடியும்வரை பிடிபடாத தளபதி. இவ்வளவும் நடந்த பின்னால் ஓடியவன் சிப்பாய், அனுப்பியவன் ஜெனரல். எயிட்கனுக்கும் பிறகு படை நடத்தும் பொறுப்பு கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் 'ஓடியவர்கள்' என்ற பட்டம் அவர் பேரில் இல்லை, பாளையங்கோட்டையின் பேரில் நிற்கிறது. அந்தச் சிப்பாய்களில் ஒருவர் தன் வாயால் சொன்ன வாக்குமூலம் ஏதும் எங்களுக்கு இதுவரை கிடைக்கவில்லை. கிடைத்தால் உங்களுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுவோம்.

சாதாரண ஆட்களின் கஷ்டம் எப்போது காகிதத்தில் ஏறுகிறது என்றால், யாராவது விசாரணை கேட்டால்தான். தாத்தா இருந்த மெசப்பொட்டேமியாப் போர்முனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1915 கடைசியில் காயப்பட்டவர்களை மருந்தும் மறைப்பும் இல்லாமல் ஆற்றுக் கப்பல்களில் அள்ளிப் போட்டுப் பஸ்ராவுக்கு அனுப்பினார்கள். கார்ட்டர் என்ற இராணுவ மருத்துவர் அதை எழுத்தில் முறையிட்டார். வாயை மூடு, இல்லாவிட்டால் கைது என்று அவரையே மிரட்டினார்கள். அவர் விடவில்லை. 1916 ஏப்ரலில் கூட் என்ற ஊரில் முற்றுகையில் கிடந்த சுமார் 13,000 பேர் பசியில் சரணடைந்தார்கள். அதில் 3,000க்கும் அதிகமானோர் தாத்தாவைப் போல ஆயுதமில்லாத தொழிலாளர்கள். இதற்குப் பிறகு விசாரணை ஆணைக்குழு அமைத்து, 1917இல் அறிக்கை வந்தது. இந்தியா விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் பதவி விலகினார். மருந்து இல்லை, வண்டி இல்லை, படகு இல்லை என்று இன்று நாம் விபரமாக வாசிக்கக்கூடியதாக இருப்பது அந்த விசாரணையால்தான்.

நமக்கும் இது தெரியாத விஷயமல்ல. 1940 ஜனவரியில், அடுத்த உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். அவருடைய பெயர் இன்றும் நம் மேடைகளில் சொல்லப்படுகிறது. தொழிலாளர்கள் விடாமல் நின்றார்கள், விசாரணை ஆணைக்குழு உட்கார்ந்தது, கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார், அறிக்கை அச்சில் வந்தது. அதே காலத்தில் தோட்டங்களில் வேறு எத்தனை பேர் எப்படியெல்லாம் செத்தார்கள்? அவர்கள் எந்தக் காகிதத்திலும் இல்லை.

இந்தியச் சிப்பாய்களின் குரல் நேராகக் கேட்கும் இடங்கள் இரண்டைச் சொல்கிறோம். ஒன்று கடிதங்கள். பிரான்சில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. எழுத்துத் தெரிந்தவரிடம் சொல்லி எழுதுவித்தார்கள். அதைத் தணிக்கை அதிகாரிகள் படித்து, முக்கியமானதாகப் பட்ட பகுதிகளை ஆங்கிலத்தில் மாற்றி அறிக்கை செய்தார்கள். மூலக் கடிதங்கள் போய்விட்டன, தணிக்கைக்காரனின் மொழிபெயர்ப்புத்தான் மிச்சம். தணிக்கை இருப்பது சிப்பாய்களுக்கும் தெரியும். அதனால் இந்தியச் சிப்பாயைக் கறுப்பு மிளகு என்றும், வெள்ளைக்காரச் சிப்பாயைச் சிவப்பு மிளகாய் என்றும் மறைத்து, எது எவ்வளவு செலவாகிறது என்று ஊருக்கு எழுதினார்கள். தணிக்கைக்காரர்களுக்கு அதுவும் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் பிரதி எடுத்தார்கள், பிரதி எடுத்ததால்தான் இன்று நம் கையில் இருக்கிறது. ஒட்டுக்கேட்டவன் நமக்காகச் சேமித்து வைத்த மாதிரி.

மற்றது பேர்லினுக்கு அருகே வூன்ஸ்டோர்ஃப் என்ற ஊரில் இருந்த கைதி முகாம். ஜேர்மன் மொழியியலாளர்கள், பிடிபட்ட சிப்பாய்களை ஒரு புனலுக்கு முன்னால் நிறுத்திப் பேசச் சொல்லி இசைத்தட்டில் பதிந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது உச்சரிப்பு. ஆள் என்ன சொல்கிறான் என்பதில் அக்கறையில்லை. 1916 டிசம்பரில் மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் வந்து நின்றார். ஊரில் வெண்ணெய் தின்று வளர்ந்த ஒருவனைப் பற்றி, வேறு யாரையோ சொல்வது போல, தன் கதையைச் சொன்னார். அவன் ஐரோப்பிய யுத்தத்துக்கு வந்தான், பிடிபட்டான், ஊருக்குப் போக ஆசைப்படுகிறான் என்று. இணையத்தில் அந்த ஒலியைக் கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் பஞ்சாபி புரியவில்லை. ஆனாலும் இரண்டு தடவை கேட்டோம்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு நம்பிக்கை கொடுத்தது லாகூர் நூதனசாலையில் கிடந்த பதிவேடுகள். யுத்தம் முடிந்தவுடன் பஞ்சாப் அரசாங்கம் கிராமம் கிராமமாக எழுதியவை. யார் போனது, அப்பா பேர் என்ன, எந்தப் படை, திரும்பினாரா இல்லையா. சுமார் 26,000 பக்கங்கள், 3 இலட்சத்து 20 ஆயிரம் பேர். தொண்ணூறு வருடங்களுக்கு மேல் யாரும் பெரிதாகத் திறந்து பார்க்கவில்லை. பிரித்தானியாவில் வாழும் பஞ்சாபி வம்சாவளியினரின் அமைப்பொன்று ஒரு பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து வேலை செய்து, 2021இல் முதல் தொகுதியை இணையத்தில் போட்டது. கேட்டது பேரப் பிள்ளைகள், சுவடிக்கூடம் தானாக எழுந்து வரவில்லை.

நம் நாட்டுப் பக்கம் வந்தால், 1914இல் இங்கிருந்து புறப்பட்ட முதல் படை துரைமாருடையது. சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர் என்ற, ஐரோப்பியத் தோட்டத்துரைகளின் படை. 8 அதிகாரிகளும் 229 பேரும் கொழும்பிலிருந்து எகிப்துக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களைப் பற்றி வேண்டியளவு பதிவு இருக்கிறது. இறந்தவர்களை மலைநாட்டுத் தேவாலயச் சுவர்களில் பித்தளைத் தகட்டில் பார்க்கலாம். அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை, அவர்களும் தாய்க்குப் பிள்ளைகள்தான். அந்தத் தகடுகளைத் துடைத்தவர்களும் யாரோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கண்டிப் போர்க் கல்லறைக்குப் போனோம். இரண்டாம் உலக யுத்தக் காலத்தது, இருநூறுக்குச் சற்று அதிகமான கல்லறைகள். அங்கே பிரித்தானியர், இந்தியர், இலங்கையர் பக்கத்தில் கிழக்கு ஆபிரிக்கச் சிப்பாய்களும் படுத்திருக்கிறார்கள். 1942க்குப் பிறகு யப்பானியர் வருவார்கள் என்று இந்தத் தீவைக் காக்கக் கொண்டுவந்தவர்கள், இங்கிருந்து பர்மாவுக்குப் போனவர்கள். 1944 பெப்ரவரியில் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்த கெடிவ் இஸ்மாயில் என்ற கப்பலை மாலைதீவுப் பக்கத்தில் யப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. 1,297 பேர் இறந்தார்கள். அரைவாசிக்கு மேல் கிழக்கு ஆபிரிக்க பீரங்கிப் படையினர். இலங்கையின் பெயரைச் சொல்லிப் புறப்பட்டு, இலங்கையைப் பார்க்காமலே போனவர்கள். கண்டியில் கல்லெல்லாம் ஒரே உயரம், ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் பெயர். பதக்கத்தில் தேய்ந்த பெயரைப் பார்த்துப் பார்த்துக் களைத்திருந்த எங்களுக்கு, அந்த எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

இனி நம் காகிதங்கள். 1948ஆம் வருடச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1949ஆம் வருடச் சட்டம், கல்யாணம் கட்டியவர் 7 வருடமும் கட்டாதவர் 10 வருடமும் இங்கே தொடர்ந்து இருந்ததை நிரூபி என்றது. நிரூபிக்கக் காகிதம் கேட்டார்கள். காகிதம் துரையின் ஒபிசில் இருந்தது. அதனால், 'பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய' என்று யாராவது சொன்னால் நாங்கள் சண்டைக்கு நிற்போம். இன்றும் எத்தனை தோட்டங்களில் பழைய செக்ரோலும் பிறப்பு இறப்புப் புத்தகமும் ஈரத்தில் கிடந்து கறையான் தின்கிறது என்பது இங்கிருக்கும் தலைவர்களுக்குத் தெரியும். கம்பனி மாறும்போது அள்ளி எரித்ததைப் பார்த்தவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

வருகிற மாதம் இதே காரியாலயத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். வீட்டில் இருக்கும் பழைய பற்றுச்சீட்டு, துண்டு, சந்தாப் புத்தகம், கடவுச்சீட்டு, இந்தியாவிலிருந்து வந்த கடிதம், படம், எதுவானாலும் கொண்டுவாருங்கள். உங்கள் கண் முன்னால் படம் பிடித்துவிட்டு, மூலத்தை உங்கள் கையிலேயே தருவோம். யாரிடமும் விட்டுவிட்டுப் போக வேண்டாம், எங்களிடமும் வேண்டாம். பிரதியொன்றைக் கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்திலுள்ள தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க விருப்பமா என்று கேட்போம், விருப்பமில்லை என்றால் விட்டுவிடுவோம். வயதானவர்களைக் கூட்டிவந்தால் அவர்கள் சொல்வதையும் பதிந்துகொள்வோம். படத்தின் பின்னால் ஆட்களின் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். மரியாதைக்காகப் பெயர் சொல்லாத பெரியவர்கள் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் சொல்லிவிடுங்கள்.

உலோகச் சாமான் எதுவானாலும் புளி போட்டுத் தேய்க்காமல், இருக்கிற அழுக்கோடே கொண்டுவாருங்கள். அந்தத் தாயாரிடமும் இதைச் சொன்னோம். "அப்ப இந்த வருசம் சரஸ்வதி பூசைக்கு?" என்று கேட்டார். பொட்டு மட்டும் வையுங்கள் அம்மா, ராசா தலைப் பக்கம் வேண்டுமானால் துடையுங்கள், விளிம்பைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். இலண்டனுக்கு அந்த இலக்கத்தை எழுதிக் கேட்டிருக்கிறோம். பதில் வந்தால் அடுத்த வகுப்பில் சொல்கிறோம்.